புறக்கோட்டை நூற்கடைகளும் கப்பற் கயிற்றின் முறுக்கும்: ஓர் ஆய்வு

மரத்தில் செய்த மாதிரிப் பாய்க்கப்பல் எந்த இடத்தில் கெட்டுப்போகிறது என்ற கேள்வியில் நம் பல்கலைக்கழகங்கள் அக்கறை காட்டியதாகத் தெரியவில்லை. பலகைகள் இடைவெளியின்றிப் பொருந்தியிருக்கும். அணியம் அழகாக வளைந்திருக்கும். நங்கூரம்கூடப் பித்தளையில் பளபளக்கும். ஆனால் பாய்மரத்திலிருந்து இறங்குவது சட்டைக்குப் பொத்தான் தைக்கிற நூல் என்பது வாசற்படியில் நிற்பவருக்கே தெரிந்துவிடும். ஆகவே இவ்வாய்வின் கருதுகோள் இது: மாதிரிக் கப்பல்கள் தண்ணீரில் மூழ்குவதில்லை, நூலில் மூழ்குகின்றன.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கப்பல் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி'. இரண்டு பாய்மரம், 89 அடி நீளம். அமெரிக்கக் கடலோடி வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் அதை வாங்கி, மனைவியின் பெயரைச் சூட்டி 'புளோரன்ஸ் சி. ரொபின்சன்' ஆக்கினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அதைச் சூயெஸ் கால்வாய் வழியாக அத்திலாந்திக்கையும் தாண்டி ஓட்டிச்சென்று, 1938 ஆகஸ்டில் மசசூசெற்ஸின் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அத்தகைய கப்பலை 50இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 54 சென்ரிமீற்றர்தான், ஒரு முழத்துக்குச் சற்றுக் கூட. அத்திலாந்திக்கைத் தாண்டிய கப்பலுக்கு அலுமாரியின் மேற்தட்டு போதும். கயிறுதான் போதாது.

ஆய்வுக்களம் கொழும்புப் புறக்கோட்டை. முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனம், மலிபன் வீதியில் கடதாசி, கெய்சர் வீதியில் துணி, செட்டியார் தெருவில் தங்கம். கப்பற் கயிற்றுக்கென்று ஒரு வீதி இல்லை. கூப்பிடு தூரத்தில் துறைமுகம் இருப்பதை இங்கே எவரும் பொருட்படுத்துவதில்லை. கடைக்காரர்கள் மனித குலத்தை மூன்றாகப் பகுத்து வைத்திருக்கிறார்கள்.

"தைக்கவா, பட்டம் விடவா, மீன் பிடிக்கவா?"

"கப்பலுக்கு, நானா."

"எந்தக் கப்பலுக்கு?"

"ஒரு முழக் கப்பல்."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "தம்பி, சேருக்குப் பட்ட நூல் காட்டு" என்றார். இந்த வகைப்பாட்டில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை ஆய்வாளர் ஒப்புக்கொள்கிறார். தைப்பொங்கலுக்கு வானம் கொள்ளாமல் பட்டம் ஏற்றுகிற ஊரும் அதே வல்வெட்டித்துறைதானே.

முதலில் பருமன். பழைய கப்பற் கணக்குகளில் கயிற்றைச் சுற்றளவால் சொல்வது வழக்கம். ஆறு அங்குலக் கயிறு என்றால் அதன் சுற்றுத்தான் ஆறு அங்குலம், குறுக்களவு இரண்டு அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. ஐம்பதில் ஒன்றாக்கினால் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் வரும். சுற்றளவைக் குறுக்களவு என்று எண்ணுபவர் மூன்று மில்லிமீற்றர் கயிறு கட்டுவார். அவர் வீட்டு அலுமாரியில் நிற்கும் அன்னபூரணி, ஆடிவேல் தேருக்குரிய வடத்தைத் தவறுதலாகச் சுமந்துவந்த பிள்ளை போலிருக்கும்.

அடுத்தது முறுக்கு. கல்யாண வீடுகளில் இவ்வாய்வாளருக்குப் பக்கத்துக் கதிரை காலியாகக் கிடப்பதற்கு இந்தப் பகுதியே காரணம். கயிற்றைச் செங்குத்தாகப் பிடியுங்கள். புரிக்கோடு கீழிருந்து வலப்பக்கம் ஏறினால் வலமுறுக்கு, இடப்பக்கம் ஏறினால் இடமுறுக்கு. பாய்க்கப்பலில் ஓடும் சாதாரண முப்புரிக் கயிறு வலமுறுக்கு. தையல் இயந்திர நூலும் பெரும்பாலும் வலமுறுக்கு, மற்றது ஊசியில் ஓட ஓடப் பிரிந்துவிடும். ஆகவே அப்படிப்பட்ட மூன்று நூலை எடுத்துச் சேர்த்து முறுக்கினால் கயிறு வந்துவிடும் என்று தோன்றும். வரும், ஆனால் இடமுறுக்காக வரும். நூல் தன் முறுக்கை இன்னும் இறுக்கிக்கொள்ளும்போது, மூன்றும் ஒன்றையொன்று எதிர்த்திசையில் சுற்றிக்கொள்கின்றன. எதிரும் எதிரும் இழுப்பதால்தான் கயிறு பிரியாமல் நிற்கிறது. பரிகாரம் உண்டு. பல நூல்களைச் சேர்த்து முதலில் இடப்பக்கம் முறுக்கிப் புரியாக்க வேண்டும். அப்படி மூன்று புரி சேர்த்து வலப்பக்கம் முறுக்க வேண்டும். உண்மையான கயிற்றுச்சாலையிலும் நூல், புரி, கயிறு என்று ஒவ்வொரு படியிலும் திசை மாறும்.

இதற்கு ஒரு சிறு பொறி வேண்டும். ஒரு முனையில் சேர்ந்து சுழலும் மூன்று கொக்கி, மறுமுனையில் ஒற்றைக் கொக்கி, நடுவில் மூன்று பள்ளம் வெட்டிய கூம்புக் கட்டை. புரிகள் பள்ளத்தில் கிடக்க, முறுக்கு ஏற ஏறக் கட்டை தானாகவே பின்னால் நகரும், அதன் வாலில் கயிறு பிறந்துகொண்டே வரும். வெள்ளவத்தைத் தொடர்மாடியின் நடையோடையில் இதைச் செய்வதை அயலவர் எவரும் விரும்பியதில்லை. முறுக்கிய கயிறு எடுத்த நூலைவிடக் கால் பங்குக்கு மேல் குறுகும். இதை நூல் வாங்கும்போதே நினைவில் வைக்க வேண்டும்.

நூல் பருத்தியா, பொலியெஸ்டரா என்பதற்குத் தீயே சோதனை. பருத்தி கடதாசி மணத்தோடு எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகி முனையில் சிறு குமிழாகும். துணிக் குவியலின் நடுவே ஆய்வாளர் லைட்டரை எடுத்தபோது கடைக்காரர் காட்டிய வேகம் அறிவியலுக்கு எதிரானது. நூறு ரூபாவுக்குக் குறைந்த ஆய்வு எதையும் அவர் ஊக்குவிப்பதில்லை.

நிறத்தில் பெரிய சிக்கல் இல்லை. பாய்மரத்தை நிலையாய்ப் பிடித்திருக்கும் கயிறுகளுக்குக் கீல் பூசுவார்கள், அவை கருமையானவை. பாயை ஏற்றும் ஆஞ்சான், பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் போன்று ஓடி இயங்குபவை தங்கள் இயல்பான பழுப்பில் இருக்கும். பழுப்புக்குப் பால் சேராத தேநீர் போதும், கடும் சாயமாக. அது பருத்தியைப் பிடிக்கும், பொலியெஸ்டரில் வழுக்கிப் போய்விடும். தேயிலை அமிலம் நாளடைவில் நூலை உளுக்கச் செய்யும் என்று ஒரு சாரார் சொல்வார்கள். இலங்கையர் உடம்பைக் கொண்டு அதை மறுக்கலாம்.

பிசிறு அப்படியல்ல. ஒரு மில்லிமீற்றர் பிசிறு, கப்பலின் உலகத்தில் ஐந்து சென்ரிமீற்றர் மயிர். தாடி வளர்த்த கயிற்றில் எந்தத் தண்டையல் கை வைப்பார்? நூலைத் தேன்மெழுகில் இழுத்து விரலால் உருவினால் பிசிறு படியும். கபோஸ் லேன் மருந்துச் சரக்குக் கடையில் தேன்மெழுகு கேட்டால், "குதிவெடிப்புக்கா?" என்பார்கள். ஆம் என்று சொல்லிவிடுவதே நேரத்துக்கு நல்லது.

அலுமாரி ஏறிய பின்னும் ஒரு குறை தொடர்கிறது. நீளத்தை ஐம்பதில் ஒன்றாகக் குறைத்தால் எடை 1,25,000இல் ஒன்றாகிவிடுகிறது. நூலின் விறைப்பு அந்த அளவுக்குக் குறைவதில்லை. எனவே தளர்ந்து தொங்க வேண்டிய கயிறு கம்பியாய் நிமிர்ந்து நிற்கும். தளத்தில் சுருட்டி வைத்தது விடியுமுன் அவிழ்ந்து எழும்பும். தண்ணீர் கலந்த பைண்டர் கம்மில் நனைத்து, குண்டூசியால் தொங்கும் வளைவில் பிடித்துக் காயவிட்டால் கயிற்றுக்குப் பாரம் வந்தது போலாகும்.

முடிச்சுக்கு வருவோம். பாய்மரத்தில் ஏற நூலேணி வேண்டும். ஒரு பக்கத்துக்கு நான்கு நெடுங்கயிறு, இருபது படி என்று கொண்டால், இரு மரத்துக்கும் இரு பக்கமுமாக 320 முடிச்சு. ஒவ்வொன்றும் நெடுங்கயிற்றை இருமுறை சுற்றித் தன் மேலேயே குறுக்காக ஏறி உள்ளே நுழைய வேண்டும். பலர் இதைக் கண்டு ஒட்டுப்பசையில் தஞ்சமடைகிறார்கள். ஆய்வாளர் ஐந்தாம் குறுக்குத் தெருவில் நாட்டாமி ஒருவர் கைவண்டியில் மூட்டைக்கு மேல் மூட்டை ஏற்றிக் கட்டுவதைப் பார்த்தார். சட்டத்தில் இரண்டு சுற்று, இடையில் ஒரு செருகல், காலால் ஒரு மிதி. அதே முடிச்சு. இதற்கு என்ன பெயர் அண்ணை என்று கேட்டதற்கு, "வழி விடுங்க" என்று பதில் கிடைத்தது. அதைக் கலைச்சொல்லாகப் பதிவுசெய்வது குறித்து ஆய்வாளர் இன்னும் முடிவெடுக்கவில்லை.

முடிந்த கப்பலைப் பார்க்க வந்தவர்களில் முறுக்கின் திசையை விசாரித்தவர் எவருமில்லை. எல்லாரும் கேட்டது ஒன்றையே: "தண்ணியில ஓடுமா?" அக்கேள்வி இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.