வாளி வேறு, கரண்டி வேறு

திருப்பதி காந்தி ரோட்டுப் பாத்திரக்கடையில் சாம்பார் வாளியும் கரண்டியும் வாங்கினேன். கடைக்காரர் இரண்டையும் ஒரே தராசில் போட்டு, கிலோ கணக்கில் விலை சொல்லி, "வாளியில பேர் வெட்டணுமா சார்?" என்றார்.

கப்பலேறினால் இந்த ஜோடி பிரிந்துவிடும். சுங்கப் பட்டியலில் வாளி 7323, கரண்டி 8215. இரண்டையும் கழுவும் தொட்டி 7324. எவர்சில்வர் தகட்டுக்கும் நிம்மதியில்லை: அகலம் 600 மில்லிமீட்டர் என்றால் 7219, ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் 7220.

எவர்சில்வர் என்ற பேச்சே அங்கே எடுபடாது. துருப்பிடிக்காத எஃகு என்று ஏற்க, குரோமியம் 10.5 சதவீதமாவது வேண்டும், கார்பன் 1.2-ஐத் தாண்டக்கூடாது.

பாத்திரத்தைச் சோதிக்கச் சித்தூர் அத்தையிடம் இருப்பது ஒரு காந்தத் துண்டு. ஒட்டினால் மட்டமான சரக்கு. குரோமியம் சரியாக இருந்தால் சுங்கத்துக்கு அதுவும் துருப்பிடிக்காத எஃகுதான். ஆனால் சுங்கத்தின் முடிவுக்கு மேல்முறையீடு உண்டு. அத்தையின் முடிவுக்குக் கிடையாது.