பழைய படங்களில் அழையாது நின்றோர்: தனுவச்சபுரம் முற்றங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

பழைய குடும்பப் படத்தில் இருவகை உயிர்கள் உண்டு: அழைத்து நிறுத்தப்பட்டவர்கள், அழைக்காமல் வந்து நின்றவர்கள். முதல் வகையினரின் பெயரும் முறையும் வீட்டில் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும். இரண்டாம் வகையில் நாய், பூனை, கிளி, கோழி, காக்கை அடங்கும். அமரவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே, 1979இல் வந்த ரயில் பாதையை ஒட்டிக் கிடக்கும் தனுவச்சபுரம் இவ்வாய்வுக்குத் தோதான நிலம். தென்னையோ பலாவோ இல்லாத முற்றம் இங்கே அரிது. ஆகவே பின்னணியில் பறவைக்கு வாய்ப்பில்லாத படமும் அரிது.

முதல் சிக்கல் சொல்லில் தொடங்குகிறது. 1956 நவம்பர் 1 அன்று பக்கத்து விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போக, இவ்வூர் அடங்கிய நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. சொந்தங்கள் இரு பக்கமும் இருப்பதால் படங்களும் இரு பக்கமும் இருக்கின்றன. படத்தின் பின்னால் 'பட்டி' என்று எழுதியிருந்தால் மலையாளம் பேசும் பாறசாலைக்காரர் நாயைத் தேடுவார். மதுரைக்காரர் எந்த ஊர் என்று கேட்பார். 'பூச்ச' என்று எழுதியிருப்பதைப் பூச்சி என்று படித்தவர் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்துவிடுவார், பூனை மடியிலேயே படுத்திருக்கும். காக்கா மட்டும் இரு பக்கத்துக்கும் காக்காதான்.

1838இல் லூயி தாகேர் பாரிஸ் சாலையொன்றைப் படம்பிடித்தபோது, போன வண்டியும் வந்த சனமும் மறைந்து, செருப்புக்கு மெருகு போட நின்றிருந்த ஒருவரே தெளிவாகப் பதிந்தார். அசையாதது மட்டுமே பதியும் என்ற அவ்விதி முற்றத்து நாய்க்கும் பொருந்தும். உடல் பதிந்து வால் மட்டும் புகையாகக் கரைந்திருந்தால் படமெடுத்தவர் வீட்டுக்குத் தெரிந்தவர். வாலும் தெளிவாக இருந்தால் வந்தவர் ஸ்டூடியோக்காரர். நாய்க்கு அவரைப் பிடிக்கவில்லை. பூனை எல்லாப் படத்திலும் தெளிவு. காரணம் தூக்கம்.

பின்னாளில் வீட்டுக்குள் வந்த அக்பா கிளிக் 3 காமிராவில் ஒரு சுருளுக்கு 12 படம். கல்யாண வீட்டில் பதினொன்று தீர்ந்துபோகும். கழுவக் கொடுக்குமுன் சுருளை முடித்தாக வேண்டும். அந்தக் கடைசி ஒன்றில்தான் நாயும் கோழியும் வரலாற்றில் ஏறின.

கிளியின் சிக்கல் நிறம். பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் தகட்டுக்குச் சிவப்பு தெரியாது. கிளியின் அலகு கரிக்கட்டையாகப் பதியும். வெற்றிலை போட்ட பாட்டியின் உதடும் அப்படியே. இருவரும் ஒரே படத்தில் இருந்தால் தகட்டின் வகைக்கு இரண்டு சாட்சி. கூண்டில் கிளி வளர்ப்பது இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகையால், கேட்பதற்கு முன்பே கிளி பக்கத்து வீட்டுக்காரருடையது என்ற விளக்கம் வந்துவிடுகிறது. (1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுத்த பறவையியலாளர் சாலிம் அலி குடும்ப ஆல்பங்களை நாடாதது இவ்வகையில் நல்லதே.)

ஆய்வையே குலைக்க வல்லது காக்கை. ஜூனில் தென்மேற்கு மழை, அக்டோபரில் வடகிழக்கு மழை என்று ஆல்பத்துக்குள் பூஞ்சை ஏற இங்கே ஆண்டுக்கு இரண்டு வாய்ப்பு. தென்னையோலை அருகே தெரியும் கரும்புள்ளி காக்கையா, பூஞ்சையா, இராமபாணப் பூச்சி தின்ற ஓட்டையா? ஓட்டையென்றால் வெளிச்சத்தில் பிடித்ததும் தெரிந்துவிடும். பூஞ்சை அடுத்த மழைக்குப் பெருகும், காக்கை பெருகாது. ஆகவே ஆய்வாளர் ஒரு மழைக்காலம் காத்திருப்பது முறை. ஒரே படத்தில் பத்துப் புள்ளிகள் இருந்தால் காத்திருக்க வேண்டாம். அது பலிச்சோறு வைத்த நாள்.

மிகக் குறைவாகப் பதிந்த உயிர் கோழி. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைக்கும் மனிதரைக் கண்டதும் அது வாழைத்தோட்டத்துக்குள் போய்விடும். ஆயினும் 1850இலிருந்து சில பத்தாண்டுகள் படத்தாளில் வெள்ளி உப்பைப் பிடித்து நிறுத்தியது கோழிமுட்டையின் வெள்ளைக்கரு. பிறகு வந்த ஜெலட்டின் மாட்டின் தோலிலும் எலும்பிலும் காய்ச்சியது. பூஞ்சைக்கும் இராமபாணத்துக்கும் உணவாவது அந்த ஜெலட்டின் பூச்சுதான். எனவே பழுப்பேறிய முட்டைத்தாள் படத்தில் கொள்ளுத்தாத்தா நிற்பது கோழியின் மேல். கறுப்பு வெள்ளைப் படத்தில் தாத்தா நிற்பது மாட்டின் மேல். நாயின் பங்கு வாலோடு சரி.