பட்டியலுக்கு முக்காடு

ஐப்பசி கார்த்திகை வந்தால் டெல்டாவில் ஒரு படம் எடுத்தாக வேண்டும். வேட்டியைத் தூக்கிக் கட்டிய அமைச்சர் வரப்பில் நிற்பார். அழுகிய சம்பா நாற்றை யாரோ பிடுங்கிக் கையில் கொடுப்பார்கள், அவர் அதைக் கேமராவுக்குக் காட்டுவார். பக்கத்தில் குடை பிடிக்க ஒருவர், தலையாட்டப் பத்துப் பேர். நட்டவன் படத்தில் இருக்க மாட்டான். மறுநாள் ‘கணக்கெடுப்பு நடக்கிறது’ என்று அறிக்கை வரும்.

கணக்கெடுப்பு என்பது ஓர் அபூர்வ வித்தை. 33 சதவீதம் சேதமானால்தான் நிவாரணம். 32 என்றால் பயிருக்கு லேசான மனக்கஷ்டம், அவ்வளவுதான். ஒரு வாரம் தண்ணீர் நின்று, தூர் கறுத்து, கிட்டே போனால் குடலைப் புரட்டுகிற வயலை ரோட்டில் பைக்கை நிறுத்தியபடியே சதவீதமாக அளந்துவிடும் மகான்கள் நம்மிடம் உண்டு.

தேறினால், மத்திய அரசின் 2022-26 விதிப்படி பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். ஏக்கருக்கு ஏழாயிரம்கூட வராது. உழவுக்கும் நடவுக்கும் கொடுத்தாலே தீர்ந்தது. விதையும் அடியுரமும் வெள்ளத்துக்கு வைத்த மொய். இந்தக் காசுக்கும் சிட்டா கொண்டா, அடங்கல் கொண்டா, ஆதார் கொண்டா, பாஸ்புக் ஜெராக்ஸ் கொண்டா. விவசாயிக்கு அந்தரங்கம் என்று கோவணம்கூட மிச்சமில்லை.

இதிலும் குத்தகைக்காரர் பாடு தனி. கோயில் நிலம், மடத்து நிலம், பட்டணம் போய்விட்டவர் நிலம் என்று உழுகிறவர் ஒருவர், பட்டாவில் பேர் இருப்பவர் இன்னொருவர். குத்தகையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969லேயே சட்டம் வந்தாயிற்று. பதியச் சொல்லிக் கேட்டால் நிலத்தைவிட்டே கிளப்பிவிடுவார்களே என்று பலர் வாய்ப்பேச்சிலேயே காலம் தள்ளுகிறார்கள். மூழ்கியது இவர் கடன் வாங்கி நட்ட பயிர். நிவாரணம் ஏறுவதோ பட்டாக்காரர் கணக்கில். சென்னை அடுக்குமாடியில் அவருக்கு நனைந்தது எது? பால்கனியில் காய்ந்த துண்டா?

யாருக்கு எவ்வளவு போயிற்று என்ற பட்டியலைப் பார்த்தால் சாயம் வெளுத்துவிடும். 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, மானியப் பயனாளிகள் விவரத்தைக் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. கேட்டாலே வராதது கேட்காமலா வரும்? மனுப் போட்டால் ‘தனிநபர் தகவல்’ என்று 8(1)(ஜெ) பிரிவைக் காட்டலாம். அந்தப் பிரிவுக்குள் ‘பொதுநலன் பெரிதென்றால் கொடு’ என்று ஒரு சந்து இருந்தது. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) அதையும் வெட்டியெறிந்தது. பொதுநலனுக்காகக் கொடுக்க வழிவிடும் 8(2) இன்னும் இருக்கிறதே என்பார்கள் வக்கீல்கள். இருக்கிறது, சாமி. அதைச் சொல்லி வாதாடத் தகவல் ஆணையம்வரை நடப்பதற்குள் அடுத்த போகமும் அழுகிவிடும்.

அரசுப் பணம், அரசு கஜானா, அரசு அலுவலர் போட்ட கையெழுத்து. இதில் யாருடைய மானத்துக்கு முக்காடு?

அடகு நகையை மீட்க முடியாதவர்களின் பேரையும் ஊரையும் ஏல நோட்டீஸில் பொடி எழுத்தில் பத்தி பத்தியாக அச்சடிக்கிறார்கள். அங்கே யாருக்கும் தனியுரிமை ஞாபகம் வருவதில்லை. அதே பொடி எழுத்தில் நிவாரணத்தையும் கிராமவாரியாகப் போடட்டும். சர்வே எண், சாகுபடி செய்தவர் பேர், பணம் வாங்கியவர் பேர், தொகை. வங்கிக் கணக்கு எண்ணெல்லாம் யாருக்கும் வேண்டாம். எந்த வயலை யார் உழுதார் என்று ஊருக்குத் தெரியும். சரிபார்க்கக் குழுவெல்லாம் போட வேண்டாம், டீக்கடை பெஞ்சு போதும்.