69 மார்க்கும் ஆளுநர் நாற்காலியும்

டெக்சஸ் மாநிலத்தில் வெள்ளிக்கிழமை இரவு என்றால் பள்ளிக்கூட அமெரிக்கக் கால்பந்துதான். ஊரே மைதானத்தில் கிடக்கும். அங்கே போய் 1984-இல் ஒரு சட்டம் போட்டார்கள்: எந்த ஒரு பாடத்திலாவது 70-க்குக் கீழே வாங்கினால் அடுத்த 6 வாரம் ஆட்டம் கிடையாது. பேண்டு வாத்தியக் குழுவுக்கும் அதே கதி. பரிந்துரைத்த குழுவுக்குத் தலைவர், கோடீஸ்வரர் ராஸ் பெரோ. கையெழுத்துப் போட்டவர் ஆளுநர் மார்க் வைட்.

அதுவரை பையனின் அல்ஜீப்ரா மார்க்கைக் கேட்டறியாத பெற்றோர்கூட அரசியல் சட்டத்தைப் புரட்ட ஆரம்பித்தார்கள். பாடம் தாண்டிய ஆட்டபாட்டம் அடிப்படை உரிமை ஆகாது என்று 1985-இல் மாநில உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. மறு வருஷத் தேர்தலில் வைட் தோற்றார்; பயிற்சியாளர்களின் கோபமும் ஒரு காரணம் என்று பேசிக்கொண்டார்கள். படிக்காத பையனுக்கு 6 வாரம், படிக்கச் சொன்ன ஆளுநருக்கு 4 வருஷம்!

1995-இல் தண்டனை 3 வாரமாகச் சுருங்கியது. உயர்நிலைக் கடினப் பாடங்களில் தவறினால் விலக்கும் உண்டு. அதாவது, சின்னக் கணக்கில் கோட்டை விட்டவன் வெளியே. பெரிய கணக்கில் கோட்டை விட்டவன் களத்திலே. உயர்கல்விக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேறென்ன வேண்டும்?