ரசமட்ட அண்ணன்

அண்ணனை உங்களுக்குத் தெரியும். ஹூஸ்டனோ டாலஸோ, எந்தத் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவிலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மேடை இடது பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். எண்ணெய்க் கம்பெனிக்குக் குழாய் டிசைன் பண்ணியே தலை நரைத்து ரிட்டயர் ஆனவர். ஆன கையோடு வாசலில் ஒரு ஆர்.வி. வந்து நின்றது. பஸ் நீளம், உள்ளே கட்டில், அடுப்பு, ஷவர், சோபா. “இனிமே ஹோட்டல் செலவே கிடையாது” என்பார். கேலனுக்கு எட்டு மைல் ஓடும் வண்டியில் அது எப்படி என்று கேட்டுவிடாதீர்கள். எக்செல் ஷீட் அனுப்பிவிடுவார்.

வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது அண்ணி கீழே நின்று கை காட்ட வேண்டும். ஏன் காட்டினாய், ஏன் காட்டவில்லை என்று இரண்டுக்கும் திட்டு வாங்க வேண்டும். கழிவு டேங்கைக் காலி பண்ணும் வித்தையை நாம் சாம்பார் ஊற்றிக்கொள்ளும் நேரத்தில்தான் விளக்குவார். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்த ரசமட்டம்.

ஆரம்பத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது, மறுக்கவில்லை. அவருடைய பழைய வண்டியில் இருந்தது கம்ப்ரசர் இல்லாத ஃபிரிட்ஜ். அமோனியாவும் தண்ணீரும் கலந்த கரைசலைச் சூடாக்கிக் குளிர்விக்கும் ரகம். உள்ளே திரவம் தானாகவே சரிந்து கீழே இறங்க வேண்டும். வண்டி ரொம்பச் சாய்ந்து நின்றால் அது தேங்கி, ஃபிரிட்ஜ் கெட்டே போகும். அதனால் எங்கே நிறுத்தினாலும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, சக்கரத்துக்கடியில் கட்டை கொடுப்பார். சரி. பிறகு புது வண்டி வந்தது. அதில் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ். ஒரு பட்டனைத் தட்டினால் நான்கு ஜாக்கியும் இறங்கித் தானே வண்டியைச் சமமாக்கிவிடும். அண்ணன் பட்டனைத் தட்டுவார். ஜாக்கி இறங்கும். “மெஷினை நம்பக் கூடாது” என்று ரசமட்டத்தை வெளியே எடுப்பார்.

சமையல் மேடையில் நீளவாக்கில் ஒரு முறை, குறுக்குவாக்கில் ஒரு முறை. சாப்பாட்டு மேஜையில் ஒரு முறை. கட்டிலில் அண்ணி பக்கம், இவர் பக்கம். கண்ணாடிக் குழலுக்குள் அந்தக் குமிழி கோட்டுக்கு நடுவில் வரும்வரை யாரும் உள்ளே ஏறக் கூடாது. இருட்டிக்கொண்டு வரும், கொசு பிடுங்கும், அண்ணி கையில் தோசைமாவுத் தூக்கோடு வெளியே நிற்பாள். இவர் குனிந்தபடியே, “அசையாதே, நீ நடந்தா குமிழி ஓடுது” என்பார்.

இப்படிப்பட்ட மனிதர் போகவே கூடாத ஊர் ஒன்று உண்டென்றால் அது நியூ ஆர்லியன்ஸ். அங்கேதான் எங்களையும் அழைத்துப் போனார்.

ஹூஸ்டனிலிருந்து ஐ-10ஐப் பிடித்தால் சுமார் 350 மைல். மிசிசிப்பி கொண்டுவந்து கொட்டிய வண்டலில், சதுப்பை வடித்துக் கட்டிய ஊர். ஏறக்குறைய பாதி ஊர் கடல் மட்டத்துக்குக் கீழே. மழைத் தண்ணீரைப் பம்பு வைத்து இறைத்தபடியே இருக்க வேண்டும். இறைக்க இறைக்க அடிமண் காய்ந்து இன்னும் இறங்கும். வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. செயின்ட் சார்ல்ஸ் அவென்யூவில் ஓக் மரத்து வேர்கள் நடைபாதையை அப்படியே தூக்கிவிட்டிருக்கின்றன. நமக்கெல்லாம் அதுதான் அழகு. அண்ணனுக்கு ரத்த அழுத்தம்.

1835லிருந்து ஓடும் டிராம் தடம் அந்தத் தெருவில் இருக்கிறது. 1920களில் செய்த பச்சைப் பெட்டிகள், சாய்மானத்தைப் புரட்டிப் போடும் மர பெஞ்சுகள், ஒன்றேகால் டாலர் டிக்கெட். ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் தூண் மாளிகைகள் வரிசையாகப் போகின்றன. அண்ணன் ஜன்னல் கட்டையில் ரசமட்டத்தை வைத்துக் குமிழியைப் பார்த்துக்கொண்டு வந்தார். கஃபே டு மாண்டில் (1862லிருந்து இருக்கும் கடை) மூன்று மூன்றாகத் தட்டில் பென்யே வந்தது. சர்க்கரைத் தூளை மூட்டையாகக் கொட்டிய சதுர போண்டா. கூடவே சிக்கரி காப்பி. அண்ணி ஒரு வாய் குடித்துவிட்டு, “ஏங்க, நம்ம ஊர் டிகிரி காப்பிக்குப் பெரியம்மா மாதிரி இருக்கு” என்று முகம் மலர்ந்தாள். அவர் காகிதத் துணியை நாலாக மடித்து மேஜைக் காலுக்கடியில் செருகிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது மீசையெல்லாம் சர்க்கரை.

ஆற்றைப் பார்க்க வேண்டுமானால் அந்த ஊரில் படி ஏறிக் கரைமேல் போக வேண்டும். வெள்ளக் காலத்தில் ஆறு மேலே, தெரு கீழே. இதைச் சொன்னது என் தப்புதான். “ஆறு மேலயா?” என்று கேட்டவர் அரை மணி நேரம் படிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பிடித்த பொருளும் ஒன்று இருந்தது, நியாயமாகச் சொல்ல வேண்டும். ஜாக்சன் சதுக்கத்து வெண்கலக் குதிரை, 1856ல் வைத்தது. முன்னங்கால் இரண்டையும் தூக்கி, வேறு முட்டு எதுவும் இல்லாமல் பின்னங்கால்களிலேயே நிற்கிறது. “பாத்தியா, கணக்குத் தெரிஞ்சவன் பண்ணினது” என்று சின்னப் பையன் மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்போது அவரைப் பார்க்கப் பிடித்திருந்தது எனக்கு.

அந்தப் பிடித்தம் சாயங்காலம் வரைதான். பிரசர்வேஷன் ஹாலுக்கு அண்ணி பல வாரம் முன்பே டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். 1961ல் தொடங்கிய ஜாஸ் அரங்கம். சின்ன அறை, மர பெஞ்சு, முழங்கால் இடிக்கும் தூரத்தில் டிராம்போன்காரர். போகும் வழியில் ஒரு கல்யாண ஊர்வலம் எதிரே வந்தது: முன்னால் குடை பிடித்த மணமக்கள், பித்தளை வாத்தியம், பின்னால் கைக்குட்டையை வீசி ஆடிக்கொண்டு வரும் கூட்டம். அண்ணி சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, கைக்குட்டையை எடுத்து நாலடி ஆடியே விட்டாள். அந்த நேரம் பார்த்து ஒரு சாரல் மழை. அண்ணன் வானத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். “வலது பின்பக்க ஜாக்கி மண்ணில் நிக்குது. இந்த மண் இறங்கும்” என்றார்.

திரும்பினோம். ரசமட்டம் வைத்தார். கால் இஞ்ச்.

இது வேடிக்கை இல்லை. ஒரு ஊருக்கு இத்தனை மைல் போய், அந்த ஊரின் உயிரான சங்கீதத்தைக் கேட்காமல், பார்க்கிங் இடத்தில் கட்டை அடுக்குவதற்குப் பெயர் சுற்றுலா இல்லை. வீட்டையே கொண்டு போகிறவர்கள் வீட்டு வேலையையும் கொண்டுதான் போகிறார்கள். அதைச் செய்வது யார்? அன்று இரவும் இரண்டு பர்னர் அடுப்பில் அண்ணிதான் தோசை சுட்டாள். ஏசி, மைக்ரோவேவ், கெட்டில் மூன்றும் சேர்ந்து ஓடியதில் 30 ஆம்ப் பிரேக்கர் விழுந்தது. அதற்கும் அவளுக்குத்தான் லெக்சர். அண்ணன் ரிட்டயர் ஆனார். அண்ணி ஆகவில்லை.

போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அண்ணன் புது ஜாக்கித் தட்டு ஒன்றைப் பற்றி விவரித்துக்கொண்டிருந்தார். அண்ணி நடுவில் சாவதானமாகச் சொன்னாள்: அடுத்த மாதம் தங்கையோடு விமானத்தில் நியூ ஆர்லியன்ஸ் போகிறாளாம். பிரெஞ்சுக் குவார்ட்டரிலேயே பழைய ஹோட்டல் ஒன்றில் மூன்று ராத்திரி. ஜாஸ் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது.

அண்ணனுக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. பிறகு உண்மையான கவலையோடு கேட்டார்: “பழைய கட்டடமா? தரை சமமா இருக்குமா?”

“சாஞ்சிருந்தா சாஞ்சே தூங்கிக்கறேன்” என்றாள் அண்ணி.