குப்பைக்கு வந்த வாழ்வு

மாயவரத்தில் எங்கள் வீட்டில் குப்பைத்தொட்டி கிடையாது. போடுவதற்கு ஏதாவது இருந்தால்தானே? அரிசி களைந்த தண்ணீர், காய்கறித் தோல், ஊசிப்போன சாதம் எல்லாம் கொல்லையிலிருந்த கழுநீர்ப் பானைக்கு. சாயங்காலமானால் பால்காரர் வீட்டு ஆள் வந்து மாட்டுக்கு மொண்டுகொண்டு போவார். சருகும் சாணமும் எருக்குழிக்கு, கொட்டாங்கச்சி வெந்நீர் அடுப்புக்கு, சாம்பல் பாத்திரம் தேய்க்க. அப்பாயியின் புடவை நைந்தால் தூளியாகும், பிறகு கரித்துணியாகும், கடைசியில் தரை துடைக்கும்.

மிச்சத்துக்கு வாசலில் ஆள் வரும். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம், ஜரிகைப் புடவைக்கு எவர்சில்வர் டபரா. பழைய பேப்பர்காரர் தராசைத் தூக்கினால் அப்பாயி திண்ணையிலிருந்து எழுந்து வந்துவிடுவார். "ஏம்ப்பா, எடைக்கல் தட்டுல உன் சுண்டுவிரலுக்கு என்ன வேலை?" பேப்பர்காரர் விரலை எடுத்ததும் அரைக் கிலோ கூடும். சுற்றுச்சூழல் என்று ஒன்று இருப்பது இருவருக்குமே தெரியாது.

இதற்காக அந்தக் காலத்துக்குக் கோயில் கட்ட வேண்டியதில்லை. ரேடியோ செல் தீர்ந்தால் முதலில் வெயிலில் காயும். அதற்கும் மசியாவிட்டால் எங்கள் கைக்கு வரும். கல்லால் உடைத்து, கரிக்குச்சியை உருவிச் சுவரில் படம் போடுவோம். கறுப்புப் பொடி முழங்கை வரை அப்பியிருக்கும். உடைந்த தெர்மாமீட்டரின் பாதரசம் தீப்பெட்டியில் குடியிருந்தது; உள்ளங்கையில் உருட்டி விளையாட அதைப்போல ஒன்று இல்லை. பீஸ் போன டியூப்லைட்டை மதில்மேல் அடித்தால் வெடிச்சத்தம் கேட்கும். "கண்ணாடி குத்திடப் போவுது" என்பதுதான் பெரியவர்களின் ஒரே எச்சரிக்கை. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளில், வீட்டு அபாயக் கழிவு என்று தனியாகப் பிரித்துக் கொடுக்கவேண்டிய பட்டியல் இருந்தது: டியூப்லைட், பேட்டரி, உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர், காலாவதியான மருந்து, பெயின்ட் டப்பா. பாதிக்குமேல் எங்கள் விளையாட்டுச் சாமான்.

இப்போது சென்னையில் அடுக்ககம். பச்சைத் தொட்டி மக்கும் குப்பைக்கு, நீலத் தொட்டி மக்காததற்கு. எது எதில் என்று பயிற்சி வகுப்பே நடத்தினார்கள். அதிலும் உருப்படியான விஷயம் இருந்தது: பால் கவரின் மூலையை முழுதாகக் கத்தரித்துவிடக் கூடாது. கவரைப் பழைய பேப்பர்க் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். அந்த முக்கோணத் துண்டைப் பொறுக்க ஆளில்லை, நேரே சாக்கடைதான். சாம்பார் ஒட்டிய பார்சல் டப்பாவைக் கழுவாமல் போட்டால், கூடக் கிடக்கும் பேப்பரும் விலைபோகாது. எல்லாம் கலந்தபடியே வண்டியேறியதால்தான் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் குப்பை மலை எழும்பி, அவ்வப்போது தீயும் பிடித்தது.

கொட்டாங்கச்சி பச்சையா, நீலமா என்று வாட்ஸப் குழுவில் இரண்டு முனைவர்கள் நள்ளிரவு வரை வாதாடினார்கள். மறுநாள் குப்பை வாங்க வந்த அம்மா ஒரே வார்த்தையில் முடித்தார்: "அத்த ஏன் சார் தொட்டில போடறீங்க? தனியா வைங்க, நான் அடுப்புக்கு எடுத்துக்கறேன்." அவர் கேட்டது வேறொன்றுதான்: உடைந்த கண்ணாடியைப் பேப்பரில் சுற்றி மேலே எழுதிவையுங்கள். கையுறை இருந்தும் விரலில் பிளாஸ்திரி போட்டிருந்தார். அதைப் பற்றிக் குழுவில் விவாதம் எதுவும் எழவில்லை.

ஊரிலிருந்து மஞ்சப்பையோடு எழும்பூரில் இறங்கியவரைப் பார்த்துச் சிரித்த நகரம் இது. 2019-இல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது, 2021-இல் 'மீண்டும் மஞ்சப்பை' வந்தது. இப்போது கோயம்பேட்டில் இயந்திரத்துக்குள் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை விழுகிறது. கல்யாண வீட்டில் தேங்காய் போட்டுச் சும்மா கொடுத்தார்கள்.

சிப்ஸ் பாக்கெட்தான் சிக்கல். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய உறை; பிரிக்கவும் முடியாது, எந்தப் பேப்பர்காரரும் தொடமாட்டார். நீலகிரிக் காட்டில் உடைந்த மது பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழித்தபோது, உயர் நீதிமன்றம் சொன்னதன்பேரில் 2022-இல் அங்குள்ள டாஸ்மாக்கில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். பாட்டில்கள் தள்ளாடாமல் கடைக்குத் திரும்பின. சிப்ஸ் கம்பெனிகளையும் இப்படிப் பிடிக்கலாமே என்று குழுவில் எழுதினேன். சங்கத் தலைவர் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பினார்.