தாத்தாவின் துப்பாக்கியும் கலெக்டர் கையெழுத்தும்

தாத்தா வைத்திருந்த ரெட்டைக்குழல் துப்பாக்கியை விற்றுவிட்டு, அதை நினைத்துப் பெருமூச்சு விடுகிற குடும்பங்கள் தமிழ்நாட்டில் கணிசமாகவே உண்டு. ஜமீன் வாரிசுகள், பழைய மிராசுதார் வீட்டுப் பேரன்கள், வால்பாறையிலும் நீலகிரியிலும் எஸ்டேட் மானேஜராக இருந்தவர்களின் பிள்ளைகள் என்று இவர்கள் பலவகை. கல்யாணப் பந்தியில் இவர்களில் ஒருவர் பக்கத்து இலையில் உட்கார்ந்தால் போதும், ரசம் வருவதற்குள் துப்பாக்கி வந்துவிடும். "இங்கிலாந்து சரக்கு சார், வெப்ளி அண்ட் ஸ்காட். ஏதோ வந்த விலைக்குத் தள்ளிவிட்டுட்டோம்" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்குவார்கள். இந்தத் துயரத்தை நான் கேலி செய்யவில்லை, உண்மையான துயரம்தான். ஆனால் இழந்த பொருள் எது என்பதில் அவர்களுக்கு ஒரு குழப்பம் இருக்கிறது. துப்பாக்கியை இழந்ததாக நினைக்கிறார்கள். என் கட்சி, அவர்கள் இழந்தது லைசென்ஸை. அந்தக் குடும்பத்தின் பரம்பரைச் சொத்து லைசென்ஸ் புத்தகம்தான். துப்பாக்கி அதன் கூட வந்த இணைப்பு.

துப்பாக்கி அந்த வீட்டில் என்ன வேலை பார்த்தது என்று கேட்டுப் பாருங்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு அதன் உத்தியோகம் முடிந்தது. அதன் பிறகு பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு பீரோவில் ஓய்வு. வெளியே கிளம்பினால் அது அரசாங்கக் காரியமாகத்தான் இருக்கும்: லைசென்ஸ் புதுப்பிக்க ஒரு முறை, தேர்தல் அறிவித்ததும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க ஒரு முறை. லைசென்ஸ் அப்படிச் சும்மா இருக்கவில்லை. அதைக் கொடுப்பதற்கு முன் போலீஸ்காரர் தெருவில் வந்து இவர் எப்படிப்பட்டவர் என்று விசாரித்தார். புத்திசுவாதீனம் இல்லாதவருக்கு லைசென்ஸ் மறுக்க வேண்டும் என்கிறது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். அதாவது, கையில் லைசென்ஸ் இருந்தால் தாத்தாவின் மூளை சரியாக இருக்கிறது என்று அரசாங்கமே ஒத்துக்கொண்டது என்று அர்த்தம். ரேஷன் கார்டு இதைச் சொல்லாது. பாஸ்போர்ட்டும் சொல்லாது. பாட்டி எந்தக் காலத்திலும் சொன்னதில்லை.

இதற்கு நல்ல சான்று தேர்தல் காலம். நடத்தை விதிகள் அமலுக்கு வந்தால் லைசென்ஸ் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் துப்பாக்கியை ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு வருவார்கள். வாக்கு எண்ணி முடியும்வரை அது அங்கேதான் கிடக்கும். அந்த நாட்களில் யாராவது துப்பாக்கியைப் பிரிந்த ஏக்கத்தில் சாப்பாடு இறங்காமல் கிடந்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கிடையாது. மாறாக, "கன் டெபாசிட் பண்ணிட்டு வரேன்" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் போவார்கள். துப்பாக்கி கைவிட்டுப் போயிருக்கிறது, லைசென்ஸ் வீட்டில் இருக்கிறது, துக்கம் இல்லை. விற்கும்போது இரண்டும் சேர்ந்து போகின்றன, துக்கம் வந்துவிடுகிறது. கணக்கு தெரிந்தவர்கள் மீதியைப் போட்டுக்கொள்ளலாம்.

சட்டமும் என் பக்கம்தான். தனியார் ஒருவர் துப்பாக்கியை விற்பதாக இருந்தால் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு 45 நாள் காத்திருக்க வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளவே 30 நாள் நோட்டீஸ் போதும். தாத்தாவின் துப்பாக்கியைப் பிரிவதற்கு அதைவிட ஒன்றரை மடங்கு அவகாசம் தந்திருக்கிறார்கள். அந்த 45 நாளும் துப்பாக்கி பீரோவிலேயே இருக்கிறது, லைசென்ஸும் உயிரோடு இருக்கிறது. பாசமும் அதோடு சேர்ந்து தூங்குகிறது. பிறகு 2019-இல் ஒரு திருத்தம் வந்தது. அதுவரை ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். மசோதாவில் அதை ஒன்றாகக் குறைத்திருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டில் வந்து நின்றது. நாம் இருவர் நமக்கு இருவர் என்ற கொள்கை ஆயுதங்களுக்கும் நீண்டது. பரம்பரையாக வந்தவையும் இந்தக் கணக்கில் அடக்கம். கூடுதலாக வைத்திருப்பவர்கள் ஓராண்டுக்குள் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. அதே பீரோ, அதே வேட்டி, அதே இரும்பு. காகிதம் இருந்தவரை குலப்பெருமை. காகிதம் போன மறுநாள் சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம். பெருமை இரும்பில் இருந்திருந்தால் இப்படி ஒரே நாளில் ஆவியாகுமா?

காசு போனதற்குத்தான் அழுகிறோம் என்று சிலர் நேர்மையாகச் சொல்வார்கள். 1980-களில் தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது நின்றுபோனதும், நாட்டுக்குள் ஏற்கெனவே இருந்த சீமைத் துப்பாக்கிகளுக்கு விலை ஏறியது உண்மை. ஆனால் அந்த விலையையும் ஏற்றிவிட்டது ஓர் அரசாங்க உத்தரவுதானே? வெப்ளி பிறந்த பிரிட்டனில் 1997-இல் வந்த சட்டங்களோடு தனியார் கையில் கைத்துப்பாக்கி இருப்பதே ஏறக்குறைய முடிந்துபோனது. பிறந்த வீட்டில் இடமில்லாத கைத்துப்பாக்கியும் இங்கே சீராட்டப்பட்டதற்குக் காரணம் கோப்புகள்.

குடகு மக்களைக் காட்டி என்னை மடக்கப் பார்ப்பவர்கள் உண்டு. கொடவர்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆனாலும் துப்பாக்கியை உயிராக மதிக்கிறார்களே என்பது கேள்வி. நல்ல கேள்வி. அங்கே ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, சாவு விழுந்தால் இரண்டு வெடி என்பது வழக்கம். செப்டம்பரில் வரும் கைல்போள்து பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். அந்தப் பூ நம் மாநிலப் பூவான செங்காந்தள். நாம் பூவை மாநிலச் சின்னமாக்கிப் படம் போட்டோம், அவர்கள் துப்பாக்கிக்குச் சூட்டினார்கள். அங்கே துப்பாக்கிக்குப் பிறப்பு முதல் இறப்புவரை வேலை இருக்கிறது. வேலை செய்கிற பொருளை நேசிப்பது வேறு, பீரோவில் கிடந்ததை விற்ற பிறகு நேசிப்பது வேறு. போகட்டும், அந்தச் சலுகையும் மத்திய அரசு உத்தரவு போட்டு 2029 வரை நீட்டித்ததுதான். அங்கேயும் ஒரு காகிதம்!

ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பி ரைபிளுக்கும் இதே கதைதான். 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட சம்பாவத் புலியை 1907-இல் அவர் சுட்டதற்காக ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் ஹூவெட் பரிசளித்த துப்பாக்கி அது. 2015-இல் அதைச் செய்த ரிக்பி நிறுவனமே தேடிப்போய்த் தன் வசமாக்கிக்கொண்டது. அதேபோல் இன்னும் நூறு ரைபிள் செய்ய அவர்களுக்குத் தெரியும். பரிசு விவரம் பொறித்த வெள்ளித் தகடு ஒன்று அதன் கட்டையில் இருக்கிறதே, அதைத்தான் செய்ய முடியாது. அங்கேயும் கவர்னர் பெயர் போட்ட எழுத்துக்குத்தான் மதிப்பு.

கடைசியாக, தாத்தாவின் கைபட்ட பொருள் அல்லவா என்று தழுதழுப்பார்கள். தாத்தாவின் கை துப்பாக்கியைவிடக் குடையில்தான் அதிகம் பட்டது. குடையைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டபோது யாருக்கும் நெஞ்சு அடைக்கவில்லை, ஏனென்றால் அதை விரிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: சின்ன வயதில் தொடக்கூடாது என்று விரட்டப்பட்ட பொருள் மனதை விட்டுப் போகாது. ஆனால் அதுவும் அனுமதி விவகாரம்தான். அந்த வீட்டுக்குள் தாத்தாவும் ஒரு கலெக்டர்.

இன்னும் விற்காமல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, 25 வருடம் துப்பாக்கி வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசு பெயருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்க 2016 ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. தாத்தா நடமாடும்போதே கலெக்டர் ஆபீசுக்கு ஒரு நடை போய்வாருங்கள். விற்றே ஆகவேண்டும் என்றால், லைசென்ஸ் புத்தகத்தை முதல் பக்கம் முதல் கடைசி முத்திரை வரை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு பிறகு விற்றுவிடுங்கள். ஜெராக்ஸ் வைத்திருக்க லைசென்ஸ் தேவையில்லை. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கவும் வேண்டாம்.